நாற்பத்தோராம் எண் குடும்பம்

பனவடலிசத்திரம்,
8.1.2025

அன்புத் தம்பி மகாராஜனுக்கு,

அக்கா யோகலட்சுமி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். நீ அந்த ஐதராபாத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆய்வகமே கதி என்று கிடக்கிறாயா?

போன் இருக்கும்போது இதென்ன பழைய வழக்கம் என்று கேட்பாய். என் போனை எடுத்துப் பார்க்க வீட்டில் எல்லாருக்கும் உரிமை உண்டு. கடுதாசி அப்படியில்லை. இந்தக் கிளைத் தபால் ஆபீசில் பையைப் பிரிக்கிறவளும் நானே, முத்திரை குத்துகிறவளும் நானே. சங்கரன்கோவில் வீட்டுக்கு வேண்டாம், இந்த ஆபீஸ் முகவரிக்கே எழுது. உன் கடுதாசி என் கையைத் தாண்டிப் போகாது.

விஷயம் இதுதான். நான் உண்டாகியிருக்கிறேன். ஏழு வாரம் என்கிறார் டாக்டரம்மா. பொன்மணிக்கு ஒன்பது வயது ஆனபிறகு இப்படி. எனக்குச் சந்தோஷம்தான், அதை வெளியே காட்டத்தான் பயமாக இருக்கிறது. உன் அத்தான் கேட்டதும் எழுந்து போய்விட்டார். போனவர் ராயகிரியில் இருக்கும் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். முப்பிடாதி மதினி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

"ஒண்ணு நாலு வேளையும் ஊசியும் கையுமா அலையுதது காணாதா ஏட்டி? அடுத்ததையும் அப்படியே பெத்துப் போடப் போறியா? எங்க வம்சத்துல சர்க்கரைங்கிற பேச்சே கிடையாது. வந்தது ஒங்க வழியிலதான்."

நீ வேலை பார்க்கிற ஆய்வகத்து ஆராய்ச்சிக்காரர்கள் 19-ஆம் தேதி சங்கரன்கோவிலுக்கு வந்து, பொன்மணி மாதிரிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களிடம் ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று நீதானே சொன்னாய்? அது மதினி காதுக்கும் போய்விட்டது. "ஓம் தம்பி ஆபீசுதானே, யாரு வழியில வந்துச்சுன்னு எழுதி வாங்கு. ஒங்க வழின்னு வந்தா இதைக் கலைச்சிரு. பேச்சே வேண்டாம்." இவ்வளவுக்கும் உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மா அப்பா இருந்திருந்தால் உன்னிடம் இதைக் கேட்க மாட்டேன். என் பக்கத்திலிருந்து வரவில்லை என்று ஒரு தாளில் எழுதித் தருவார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலைச் சுருக்காகப் போடு.

உன் அக்கா
யோகலட்சுமி

---

ஐதராபாத்,
14.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம், இரண்டு வேளையாவது சாப்பிடுகிறேன். அத்தான் எப்படி இருக்கிறார்? பொன்மணிக்குக் காலைச் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது? நீ இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். அப்படி ஒரு தாள் தர முடியாது. எங்களால் மட்டும் இல்லை, உலகத்தில் யாராலும் முடியாது.

பொன்மணிக்கு வந்திருப்பது ஊரில் வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய அணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை எதிரி என்று தப்பாக நினைத்து அழித்துவிடுகின்றன. இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று நாங்கள் சந்தேகப்படும் ஜீன்கள் பன்னிரண்டு. ஒவ்வொரு ஜீனும் பிள்ளைக்கு இரண்டு பிரதியாக வரும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெற்றவர்கள் பிள்ளைக்குக் கொடுத்த பிரதி எது, கொடுக்காமல் விட்ட பிரதி எது என்று முந்நூறு குடும்பங்களில் எண்ணிப் பார்ப்போம். அப்போதுதான் எந்த ஜீனுக்கு உண்மையிலேயே தொடர்பு என்று தெரியும். ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு யார் குற்றம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பெரும்பாலும் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அந்த ஜீன் இருந்தும் நோய் வராதவர்களே அதிகம்.

அடுத்த பிள்ளைக்கு வருமா என்பதுதானே உங்கள் எல்லாருக்கும் பயம்? நூறு பிள்ளையில் ஐந்து பிள்ளைக்கு வரலாம். மற்றத் தொண்ணூற்றைந்துக்கு வராது. இதை மதினியிடம் படித்துக் காட்டு.

முகாமுக்குப் போங்கள், நல்ல காரியம். நான் வரமாட்டேன். சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுத்தால் நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தலைமை விஞ்ஞானி ஜரினா மேடம் வைத்திருக்கும் விதி. குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

பொங்கலுக்கு வர முடியாததற்குக் கோபிக்காதே. அத்தானுக்கு என் வணக்கம். பொன்மணிக்கு முத்தம்.

தம்பி
மகாராஜன்

---

பனவடலிசத்திரம்,
20.1.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடுதாசி வந்து சேர்ந்தது, நேற்றைய முகாமும் நல்லபடியாக முடிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, காலையில் எழுந்ததும் குமட்டல்தான்.

தொண்ணூற்றைந்தை மதினிக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அஞ்சு வரும்னு அவனே எழுதியிருக்கான்" என்று முடித்துவிட்டாள். அவளுக்குக் கணக்கு நன்றாகத்தான் வருகிறது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே, பந்தி என்றாலும் பிரசாதம் என்றாலும் ஆம்பளை வரிசை தனி, பொம்பளை வரிசை தனி. ரத்தம் எடுக்கவும் அப்படியே பிரித்துவிட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் கீழே, ஆண்கள் மாடியில். ஜரினா மேடம் வந்திருந்தார். பொன்மணி அவரிடம், "எனக்குத் தினமும் நாலு ஊசி, இதெல்லாம் ஒரு ஊசியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அத்தான் வருவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். சிநேகிதர் சுடலைமணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜூஸ் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். இரண்டு பேரும் மாடிக்குப் போய் அரை மணி நேரத்தில் இறங்கி வந்தார்கள். உன் அத்தான் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பாமாருக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அட்டையில் 104. அதை மதினி வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க ஆளுக்கு நூத்திநாலு, பாத்துக்கிடுங்க" என்கிறாள்.

இப்போது வீட்டில் முடிவு இது: உங்கள் முடிவு வரும்வரை பொறுப்பார்கள். என் பக்கம் என்று வந்தால் கலைக்க வேண்டும். இருபது வாரத்துக்குள் என்றால்தான் டாக்டர்கள் சம்மதிப்பார்களாம், அதையும் மதினி விசாரித்து வைத்திருக்கிறாள்.

நம் குடும்பத்துக்குக் கொடுத்த எண் 41. நீ பார்த்துச் சொல். தாள் வேண்டாம், ஒரு வரி போதும்.

உன் அக்கா
யோகலட்சுமி

---

ஐதராபாத்,
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானையும் பொன்மணியையும் கேட்டதாகச் சொல்.

எண்ணை நீ எனக்கு எழுதியிருக்கக் கூடாது. எழுதியதும் நான் ஜரினா மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளாக அதைச் சொல்லப் போகிறேன், போகிறேன் என்று சொல்லாமலே திரும்பி வருகிறேன். சொன்னால் உங்கள் குடும்பத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். உனக்கு நான் ஒருவன்தானே இருக்கிறேன்.

மார்ச் முதல் வாரத்தில் உங்கள் முகாம் ரத்தம் என் மேசைக்கு வரும். பார்க்கிறேன். ஜீனை வைத்துப் பழி சொல்ல முடியாது என்பதை மறுபடியும் சொல்கிறேன். ஆனாலும் நீ தைரியமாக இருக்க என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்வேன். இது சத்தியம்.

வெயிலில் பஸ்ஸுக்கு நிற்காதே.

தம்பி
மகாராஜன்

---

ஐதராபாத்,
12.3.2025
(தபாலில் சேர்க்காதது)

அக்கா,

இதை அனுப்பப் போவதில்லை. எங்காவது எழுதினால் ஒழிய எனக்குத் தூக்கம் வராது.

உன் இரண்டு கடிதமும் பதில் போடாமல் மேசையில் கிடக்கின்றன. ஒன்றில் பிள்ளை அசைகிறது என்று எழுதியிருக்கிறாய்.

ஐந்தாம் தேதி 41-ஐப் பார்த்தேன். பொன்மணியின் பிரதிகளில் ஒன்று உன்னோடு பொருந்துகிறது. மற்றொன்று அத்தானோடு பொருந்த வேண்டும், பொருந்தவில்லை. ஒரு ஜீனில் பொருந்தாமல் போனால் எங்கள் தவறு என்று விட்டுவிடலாம். பன்னிரண்டில் ஐந்தில் பொருந்தவில்லை. ஆய்வகத்தில் குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடி செய்தேன். அதே முடிவு. மூன்றாம் முறை இன்னொருவரைக் குழாயைத் திறக்கச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதேதான்.

41-ஆம் எண்ணில் இருக்கும் அந்த மனிதர் பொன்மணியின் அப்பா இல்லை.

இப்படி எப்போதாவது வரும். வந்தால் அந்தக் குடும்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றக் குடும்பங்களில் எளிதாகச் செய்திருக்கிறேன். உன் முகம் கண்முன் வரும்போது கை ஓடவில்லை. உனக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது அக்கா? யாரிடமும் சொல்ல முடியாத கஷ்டம் எதுவும் பட்டாயா? இல்லை, நீயாகவே விரும்பி... அதற்குமேல் எழுதக் கூசுகிறது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவளைப் பற்றி இதை யோசிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

இந்த முடிவு மதினி கைக்குப் போனால் உன்னை உயிரோடு விடமாட்டார்கள்.

---

ஐதராபாத்,
14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் பொன்மணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம்.

முடிவு இன்னும் தயாராகவில்லை. தாமதமாகும் போலிருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பொன்மணி பிறப்பதற்கு முந்தைய வருடத்தைப் பற்றி என்னிடம் நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் என்னைத் தாண்டிப் போகாது. உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

உடம்பைக் கவனி.

மகாராஜன்

---

பனவடலிசத்திரம்,
20.3.2025

அன்புத் தம்பிக்கு,

உனக்கு உடம்பு சரிதானே? உன் எழுத்தே மாறியிருக்கிறது. ஒவ்வொரு கடுதாசியிலும் முதல் ஆளாய் அத்தானை விசாரிப்பாய், இந்த முறை அவர் பெயரே இல்லை. அவர் மேல் உனக்கு என்ன கோபம்?

நீ கேட்டதற்கு யோசித்து யோசித்து எழுதுகிறேன். பொன்மணி பிறப்பதற்கு முந்தைய வருடம் நாங்கள் மேலநீலிதநல்லூரில் வாடகைக்கு இருந்தோம். போர்வெல் தண்ணீர்தான் குடித்தோம், உப்புக் கரிக்கும். எனக்கு மஞ்சள்காமாலை வந்து கீழாநெல்லி குடித்தேன். ஆறாம் மாதத்தில் ஒரு தடவை வழுக்கி விழுந்தேன், அதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. இவைதான் எனக்குத் தெரிந்தவை. இவற்றில் எதனால் பிள்ளைக்கு இப்படி ஆனது?

உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, "அக்கா, ஒனக்கு அந்த டம்ளர் ரொம்பப் பிடிக்குமா?" என்று கேட்டவன் நீ. முடிவு வந்துவிட்டது. என் வழியில்தான் வந்திருக்கிறது. சொல்ல மனசு வராமல் சுற்றி வளைக்கிறாய்.

பதினேழு வாரம் முடிந்துவிட்டது. நேற்று மதினி வந்தாள். உன் அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "யோகா, எதுக்கு ரிஸ்க்கு? பொன்மணி ஒண்ணு போதும்ட்டீ" என்றார். இந்த இரண்டு மாதத்தில் அவர் வாயைத் திறந்து சொன்னது அது ஒன்றுதான். ஏப்ரல் 3, வியாழக்கிழமை, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே கிடந்து புரளுகிறது மக்கா. சரிதான் என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது வயிற்றைத் தடவிக்கொண்டே அழுதேன்.

நேற்று உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு வரி எழுது. என் வழிதான் என்றால் அதையாவது எழுது. நான் செய்வது சரி என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா
யோகலட்சுமி

---

ஐதராபாத்,
26.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

என்னால் அதிகம் எழுத முடியவில்லை. உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது, நீ எழுதாததும் புரிகிறது.

முடிவு உன்னுடையது. உனக்கென்று காரணங்கள் இருக்கும். நீ எது செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

மகாராஜன்

---

சங்கரன்கோவில்,
2.4.2025

மகாராஜனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்று இன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். மதினி துணைக்கு வந்து நேற்றே இறங்கிவிட்டாள். இன்று கரண்ட் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை இருக்காது. இந்த மாதிரி நாட்களில் பொன்மணியின் இன்சுலினை உன் அத்தான்தான் சுடலைமணி கடைப் பிரிட்ஜில் கொண்டுபோய் வைப்பார், அங்கே இன்வெர்ட்டர் உண்டு. இன்று அவர் மறந்துவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார். நானே எடுத்துக்கொண்டு போனேன்.

கடையில் சுடலைமணியின் மனைவி கோமதித்தாய்தான் இருந்தாள். டப்பாவை வாங்கிப் பிரிட்ஜைத் திறந்தவள், "அண்ணாச்சி மருந்துக்குப் பக்கத்துலயே வச்சிருதேன் யக்கா" என்றாள்.

"எந்த அண்ணாச்சி?" என்றேன்.

"நம்ம காளிராஜ் அண்ணாச்சிதான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஐயையோ, ஒங்களுக்குத் தெரியாதா?"

எலுமிச்சம்பழக் கூடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இன்சுலின், ஊசி, திருநெல்வேலி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. சீட்டில் உன் அத்தானின் பெயர், வயது நாற்பது. தேதி போன வருடம் பிப்ரவரி.

சுடலைமணி வரும்வரை அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வந்தார். டப்பா என் மடியில் இருந்தது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "அண்ணாச்சிக்கு பொன்மணி மாதிரியேதான் தங்கச்சி. அதே நோயே பெரியாளானப்புறம் மெதுவா வருத வகையாம். வீட்டுல தெரிஞ்சா செத்துருவேன்னாரு. என் பிள்ளை மேல சத்தியம் வாங்கிட்டாரு. முகாமுல விரல்ல குத்துனா குட்டு வெளிப்பட்டுரும்லா? அவர் அட்டையை நான் வாங்கிட்டுப் போயி நின்னேன். ரத்தம் நான்தான் குடுத்தேன். அவர் மாடிப்படியில நின்னு கையில பஞ்சை ஒட்டிக்கிட்டாரு."

சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நூற்றிநாலு சுடலைமணியினுடையது.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் எனக்குப் புருஷன் மேல்தான் ஆத்திரம் வந்தது. எழுந்து நாலடி நடந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. அப்பா ரத்தம் என்று யாரோ ஒருவர் ரத்தத்தைப் பார்த்தால் உனக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் பத்தாவதோடு நின்றவள்தான், ஆனால் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து என்று நீ எழுதியதைப் பத்துத் தடவை படித்தவள். நடுரோட்டில் நின்றுவிட்டேன். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய வருடம். என்னைத் தாண்டிப் போகாது. உனக்கென்று காரணங்கள் இருக்கும்.

உன் கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அதற்குப் போர்வெல் தண்ணீரையும் கீழாநெல்லியையும் பதிலாக எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு, அக்கா நன்றாக மறைக்கிறாள் என்று நினைத்திருப்பாய்.

நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அவர் மேசையில் பைல்களுக்கு மேலே அந்த டப்பாவை வைத்தேன். அவர் பார்த்தார், எழுந்தார், வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் போய்த் தொடத் தோன்றவில்லை, வந்துவிட்டேன்.

வீட்டில் மதினி என் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பஸ்ஸுக்கு எந்திரிக்க வேண்டாம் மதினி, நான் எங்கயும் போகல" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எங்க தம்பிக்கா?" என்று ஒரே கேள்வி. அதற்குப் பிறகு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இவர்கள் எல்லாரும் நான் வாழ வந்த இடத்து மனிதர்கள். அவர்கள் என்ன நினைத்தாலும் என் வயிற்றில் இருப்பதை நாளைக்குக் கொடுத்திருக்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துத்தான், உன் மௌனத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினேன். நூறில் தொண்ணூற்றைந்து என்று எழுதிய கைக்கு அதை இன்னொரு தடவை எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை யாருடையதோ என்று உனக்குச் சந்தேகம்.

கரண்ட் நிற்காமல் இருந்திருந்தால் நாளைக்கு இந்நேரம் அது இல்லை.

யோகலட்சுமி

---

அனுப்புநர்:
காளிராஜ், சங்கரன்கோவில்.

பெறுநர்:
மாப்பிள்ளை மகாராஜன், ஐதராபாத்.

பொருள்: முகாமில் ஆள் மாற்றி ரத்தம் கொடுத்தது, ஒப்புதல் தொடர்பாக.

நாள்: 4.4.2025

மாப்பிள்ளைக்கு,

வருடக்கணக்காக மனு எழுதியே பழகிவிட்டதால் வேறு மாதிரி எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

19.1.2025 அன்று நடந்த முகாமில் என் பெயரில் ரத்தம் கொடுத்தது சுடலைமணி. கொடுக்கச் சொன்னது நான். அவர் மீது தவறில்லை.

எனக்கு இந்த நோய் இருப்பது ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். டாக்டர் சொன்னதும் பொன்மணிக்கு என்னிடமிருந்துதான் வந்தது என்று எனக்குப் பட்டுவிட்டது. அதற்கு முன் ஒரு வருடமாக அக்காவும் நானும் சேர்ந்து யோகாவைச் சொல்லாத சொல் இல்லை. அதையெல்லாம் திரும்ப வாங்க எனக்கு வாய் வரவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் என்னால் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறதே என்ற பயத்தில்தான் கலைக்கச் சம்மதித்தேன். பழியை மட்டும் அவள் பக்கம் விட்டுவைத்தேன்.

நான் செய்த ஆள் மாறாட்டத்தால் நீர் அவளைத் தப்பாக நினைக்க நேர்ந்ததாக யோகா சொன்னாள். இந்த ஒப்புதலை அதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளவும். பொன்மணி என் மகள். என் மூக்கும் என் நோயும் அவளிடம் இருக்கின்றன.

மேற்படி தவறுக்கு என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யவும்.

இப்படிக்கு,
காளிராஜ்

---

ஐதராபாத்,
9.4.2025

அக்கா,

அன்புள்ள என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. நீயும் பிள்ளையும் பத்திரமாக இருப்பதைப் படித்தபின் ஆய்வகத்துக்குப் போக முடியவில்லை, அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஜரினா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண் தெரிந்ததை மறைத்தது, பார்த்தது, உனக்கு எழுதியது, எல்லாம். 41-ஐ எடுத்துவிட்டார்கள். உங்கள் முகாம் வேலை முழுவதையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அது சரிதான். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "முகாமில் ஆள் அடையாளம் பார்த்தார்களா என்று விசாரித்தாயா?" நான் விசாரிக்கவில்லை. மாடியில் ஆண்கள் வரிசையில் அட்டையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆய்வகத்தில் குழாய் மாறியிருக்குமோ என்று மூன்று முறை சந்தேகப்பட்டேன். ஊரில் ஆள் மாறியிருக்கலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. நேராக உன்னைச் சந்தேகப்பட்டேன். படித்த படிப்புக்கும் முப்பிடாதி மதினிக்கும் என்னிடம் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது.

மார்ச்சில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்து வேதனைப்படுவாய். மறைத்தது போதும் என்று தோன்றியது.

நூறில் ஐந்து. தொண்ணூற்றைந்துக்கு வராது. அப்பாவுக்கும் இருப்பதால் அந்த ஐந்து கொஞ்சம் கூடலாம், அப்படியும் வராத பிள்ளைகளே மிக அதிகம். இதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

அத்தானிடம் மருந்தை வீட்டு பிரிட்ஜிலேயே வைக்கச் சொல். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கோபப்படும் இடத்தில் நான் இல்லை.

மன்னித்துவிடு என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

மகாராஜன்

---

சங்கரன்கோவில்,
1.9.2025

தம்பி மகாராஜனுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. பொன்மணி தங்கச்சியை மடியை விட்டு இறக்க மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரலுக்குப் பிறகு நீ போட்ட ஐந்து கடுதாசியும் வந்தன. பையைப் பிரிக்கிறவளே நான்தான், வரவில்லை என்று சொல்ல முடியாது. பதில் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வளைகாப்புக்கு உன்னைக் கூப்பிடாததும் வேண்டுமென்றேதான். தாய்வீட்டு வளையலை நானே வாங்கி நானே போட்டுக்கொண்டேன்.

உன் அத்தான் இப்போது பொன்மணியோடு சேர்ந்து உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறார். "நேத்து குத்துன எடத்துலயே குத்தாதீங்கப்பா, கட்டி விழுந்துரும்" என்று அவள் அதட்டுகிறாள். நான் அவரோடு அளந்துதான் பேசுகிறேன். மதினி பிரசவத்துக்கு வந்து பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள். சாரி என்றெல்லாம் அவளுக்கு வராது, கோழிக்குழம்புதான் வரும். சாப்பிட்டேன்.

ஜரினா மேடம் எழுதியிருந்தார். விருப்பமிருந்தால் புதிதாக ரத்தம் கொடுக்கலாம் என்றார். கொடுத்துவிட்டோம். இந்த முறை உன் அத்தானை நான் கூட்டிக்கொண்டுபோய் ஆண்கள் வரிசையிலேயே நின்றேன், எல்லாரும் பார்த்தார்கள். புது எண் என்ன என்பதை உனக்குச் சொல்ல மாட்டேன்.

பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏப்ரல் மூன்றாம் தேதி வருகிறது. புருஷன் பொய் சொன்னான், அது அவன் பயம். நீ அனுப்பாத கடுதாசியைப் படித்தபோது எனக்கு அதைவிட வலித்தது. "நீயாகவே விரும்பி" என்று எழுதிவிட்டு மூன்று புள்ளி வைத்திருக்கிறாய். அந்தப் புள்ளிகளை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

எட்டாம் தேதி, பதினாறாம் நாள், பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறோம். தாய்மாமன் கை படாமல் நம் வீட்டில் எந்தப் பிள்ளையும் தொட்டில் ஏறியதில்லை. வா.

வந்ததும் கைகாலைக் கழுவிவிட்டு நேரே பிள்ளையிடம் போகாதே. என் முன்னால் வந்து உட்கார். கடுதாசியில் சுற்றி வளைத்துக் கேட்டதை என் முகத்தைப் பார்த்து நேராக ஒரு தடவை கேள். "அக்கா, பொன்மணி அத்தானுக்குப் பிறந்தவள்தானா?" என்று வாய்விட்டுக் கேள். அத்தானும் இருப்பார், மதினியும் இருப்பாள். நான் பதில் சொல்கிறேன்.

அதற்கு அப்புறம் பிள்ளையைத் தூக்கு.

யோகலட்சுமி